பொற்றாசியம் பரமங்கனேற்றும் நாங்களும்

எங்கள் சங்கத்தின் மலர்க்குழுத் தம்பி “மொழியும் அடையாளமும்” என்று தலைப்பைத் தந்துவிட்டு, “அக்கா, பள்ளிக்கூட ஞாபகங்களோடை எழுதுங்கோ” என்றும் சொல்லி வைத்தார். இந்தத் தலைப்பைக் கண்டால் எங்கள் ஆட்களின் பேனை ஒரே தடத்தில்தான் ஓடும். கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தில் தொடங்கி, கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயர் தந்தவை, கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று ஒரு பட்டியலில் முடியும். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கும் தமிழுக்கும் உள்ள ஒட்டு விழுந்த இடம் வேறு. அது எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடம்.

ஆய்வுகூடம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வாயுக் குழாய் கிடையாது, மேசைக்கொரு மதுசார விளக்கு. அளவிகள் என்று நாங்கள் சொல்லும் அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாய்களில் பாதிக்கு மேல்விளிம்பு உடைந்திருக்கும். ஏ.எல். (உயர்தர) செய்முறை வகுப்பில் ஒட்சாலிக்கமிலத்தைக் கூம்புக் குடுவையில் சூடாக்கி வைத்துக்கொண்டு, அளவியில் இருந்து பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதல் சொட்டின் ஊதா போவதற்கு நேரம் எடுக்கும், பிறகு விழுந்த கையோடு மறையும். மறையாமல் ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு நின்றுவிட்டால் அதுதான் முடிவுப்புள்ளி. கடுநிறக் கரைசல் என்பதால் பிறையுருவின், அதாவது கரைசலின் வளைந்த மேற்பரப்பின், அடியைப் பார்க்க முடியாது. “மேல் விளிம்பை வாசி பிள்ளை, கண் நேராய் நிக்கோணும்” என்று மாஸ்ரர் பின்னால் வந்து நின்று சொல்லுவார். அளவி, குழாயி, பிறையுரு, நியமிப்பு, காட்டி: இந்தச் சொற்களெல்லாம் கையில் கண்ணாடியின் குளிர்ச்சியோடு வந்தவை. அகராதியில் தேடிப் படித்தது ஒன்றுமில்லை.

அந்த மாஸ்ரரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் இங்கிலீசில் படித்தவர். எங்களுக்குச் சில வகுப்பு முந்திப் படித்தவர்களுக்கும் இங்கிலீசில்தான் படிப்பித்தார். எங்கள் காலத்தில் மொழி மாறியபோது, அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவிரவாகக் குறிப்பெழுதுவார். கொப்பியின் இடப்பக்கம் இங்கிலீசு, வலப்பக்கம் தமிழ். சில நாளில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். அன்றைக்கு வகுப்பில் இரண்டு மூன்று சொல்லைக் கரும்பலகையில் எழுதி “எது பொருத்தமாய்க் கிடக்கு?” என்று எங்களிடமே கேட்பார். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளிடம்! பௌதிகம் படிப்பித்தவருக்கு இந்தப் பொறுமை இல்லை. அவர் சைக்கிளில் வந்து படலையடியில் மெல்ல மெல்ல வேகம் குறைத்து இறங்குவதைப் பார்த்துப் பெடியள் வைத்த பட்டம் “அமர்முடுகல்”, வேகம் குறைவதற்கான பௌதிகச் சொல். ஒரு கலைச்சொல் பட்டப்பெயராகிவிட்டால் அது ஊர்ச்சொல்லாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

எங்கள் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சென்னைச் சிநேகிதி ஒருத்தி “பரமங்கனேற்று” என்று வாசித்துவிட்டு “யாரை ஏற்றுகிறீர்கள்?” என்று கேட்டாள். அவள் படித்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட். யாழ்ப்பாணத்துக்காரர் ‘காற்று’, ‘நேற்று’ என்று சொல்லும்போது நாக்கு நிற்கிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். அது மேற்பல்லுக்குப் பின்னுள்ள முரசில் (ஈறில்) நிற்கும். இங்கிலீசின் ‘ரீ’ (T) எழுத்துக்கும் நாக்கு அங்கேதான் போகும். ‘ட்’டுக்குப் போல உள்ளே வளையாது. தமிழகத்துப் பேச்சில் அந்த ஒலி பெரும்பாலும் போய்விட்டது. எங்களிடமும் மலையாளிகளிடமும் இன்னும் கிடக்கிறது. ஆகவே சல்பேற்று, நைத்திரேற்று என்று எழுதியவர்கள் காதால் கேட்டுத்தான் எழுதினார்கள். இன்று நாங்கள் இருக்கிற நகரத்தை ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதும் அதே மரபில் வந்ததே. சொல்லின் முதலில் ‘ற’ வராது என்பதால் அந்த இடத்துக்கு ‘ர’வைப் போட்டுச் சமாளிக்கிறோம். டொராண்டோ என்று எழுதினால் குற்றமில்லை. ஆனால் ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்று அந்த முதல் எழுத்தே காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழில் விஞ்ஞானம் என்பது எங்கள் காலத்தில்தான் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை நினைத்திருந்தேன். மானிப்பாய் எங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம், அந்த ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போயும் இருக்கிறேன். அதற்குப் பெயர் கொடுத்த கிறீன் வைத்தியர் என்ன செய்துவிட்டுப் போனார் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்க மிசனோடு வந்தவர், அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கினார். முதலில் பெடியன்களுக்கு இங்கிலீசில்தான் மருத்துவம் படிப்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள், கிராமத்தில் நிற்க ஆள் இல்லை. 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். மாற்றினால் புத்தகம் வேண்டுமே. உதவியாளர்களோடு இருந்து மொழிபெயர்த்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ (சத்திரசிகிச்சை), 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ (உடற்கூற்றியல்), 1875இல் ‘கெமிஸ்தம்’ (இரசாயனம்). இந்த ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் எனக்குத் தனிப் பிரியம். அங்காதிபாதம் என்று சமஸ்கிருதத்தில் கட்டியவர்கள் இங்கே அலட்டிக்கொள்ளாமல் இங்கிலீசுக்கு ஒரு தமிழ் வால் வைத்துவிட்டார்கள். 1884இல் அமெரிக்காவில் அவர் கண்மூடினார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றுதான் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

அவர் வந்தது மதம் பரப்ப, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அந்தப் பரப்புதலுக்கு எதிராகத்தான். ஆனால் இரு பக்கமும் கையில் எடுத்த ஆயுதங்களைப் பாருங்கள்: அச்சுக்கூடம், பாடப்புத்தகம், நேரடியான உரைநடை. சண்டை கடவுளைப் பற்றி என்றாலும், அந்தச் சண்டையால் விளங்கச் சொல்லும் ஒரு தமிழ் எங்களுக்குக் கிடைத்தது. மதுசார விளக்கின் முன்னால் நாங்கள் நின்ற நிலம் அவர்கள் பண்படுத்தியது.

தாய்மொழிக் கல்வியால் எல்லாம் நன்மையே என்று நான் சொல்லவரவில்லை. என்னோடு படித்தவர்களில் வீட்டில் ஒரு இங்கிலீசுப் புத்தகமும் இல்லாத பிள்ளைகள் பலர். 1945இன் இலவசக் கல்வியும் தமிழ்மொழி வகுப்பும் இல்லையென்றால் அவர்கள் விஞ்ஞானப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில், நாங்கள் தமிழில். ஒரே நாட்டில் ஒரே பாடத்திட்டத்தைப் படித்தும், ஒருவரோடு ஒருவர் ஒரு கணக்கைப் பற்றிக்கூடக் கதைக்க முடியாத ஒரு தலைமுறை வளர்ந்தது. பல்கலைக்கழகம் போனாலோ மருத்துவமும் பொறியியலும் அங்கே இங்கிலீசில். முதல் வருடம் பாதிப்பேர் ஊமைகள்.

பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவே வழி குறுகியது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது, அதாவது அனுமதிக்கு மொழிக்கொரு வெட்டுப்புள்ளி. நாலு பாடங்களின் மொத்தப் புள்ளியில் மருத்துவத்துக்குச் சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229, தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250. பொறியியலுக்கு 227உம் 250உம். எந்த மொழியில் விடை எழுதினாய் என்பதே தராசில் எடைக்கல்லாக விழுந்தது. அதுவரை தமிழ் எங்களுக்குப் பாடம் படிக்கிற மொழி மட்டுந்தான், அரசியல் என்று எங்கள் வகுப்பில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அந்த இலக்கங்கள் வெளிவந்த பிறகு வகுப்பில் கதையே மாறியது. பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை, இந்த மலரின் வேறு பக்கங்களில் அவை இருக்கும்.

இங்கே வந்து பார்த்தால் தமிழ் மேடையில் இருக்கிறது. கனடா நாடாளுமன்றம் 2016இல் தை மாதத்தை, அதாவது சனவரியை, தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. சந்தோசம். அந்த மாதம் முழுக்கப் பரதநாட்டியம், பேச்சுப்போட்டி, திருக்குறள் மனனம். பேச்சை அப்பா எழுதுவார், பிள்ளை பாடமாக்கும், கிண்ணம் வாங்கும், காருக்குள் ஏறியதும் இங்கிலீசு. பிள்ளையைக் குறை சொல்லி என்ன? அதற்குத் தமிழில் யோசிக்க ஒன்றும் நாங்கள் கொடுக்கவில்லை.

வாரவிடுமுறைத் தமிழ் வகுப்பொன்றில் கொஞ்சக் காலம் உதவி செய்தேன். ஒருநாள் சிவப்புக் கோவாவை (முட்டைக்கோசை) அவித்து வடித்த தண்ணீரோடு போனேன். ஒரு கோப்பையில் வினாகிரி, மற்றதில் அப்பச்சோடா. ஊற்றச் சொன்னேன். ஒன்று ரோசாவாகியது, மற்றது நீலமாகிப் பச்சைக்குப் போனது. அதுவரை வாயே திறக்காத பெடியன் “என்ரை கூடப் பச்சை!” என்று கத்த, பக்கத்திலிருந்தவள் “நீ கூடப் போட்டனி, அதுதான்!” என்றாள். சண்டை தமிழிலேயே நடந்தது. அமிலம், காரம், காட்டி என்று மூன்று சொல்லைப் பலகையில் எழுதினேன், ஒருவரையும் பாடமாக்கச் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு தாய் வந்து, “ரீச்சர், போட்டி வருகுது, இதுகளை விட்டிட்டுக் குறளைப் பழக்குங்கோவன்” என்று கேட்டுக்கொண்டா. பழக்கினோம்தான். ஆனாலும் மாதத்துக்கு ஒருநாள் கோவாத் தண்ணீருக்கு ஒதுக்கச் சொல்லிப் பொறுப்பாளர்களை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் காலத்துச் சொற்றொகுதிகள், தமிழ் விஞ்ஞானப் பாடப்புத்தகங்கள், ஆசிரியர்களின் குறிப்புக் கொப்பிகள் யாரிடமாவது இருந்தால் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். இலங்கைத் தமிழ் ஏடுகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த பிறகு எந்தப் பிரதி எங்கே மிஞ்சியது என்று கணக்குப் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழகிய வேலைதானே. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்கான் செய்ய ஒரு பெடியன் ஆயத்தமாக இருக்கிறான், தபாற்செலவு என்னுடையது.