அப்பா தலையில் ஒரு பள்ளம்

இந்தத் தைப்பூசத்துக்கு அப்பா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டார். நேர்த்திக்கடன். சந்தனம் பூசிவிட்டது நான். வலது காதுக்கு மேலே போனபோது விரல் நுனி மெல்ல உள்ளே இறங்கியது.

போன வருடம் ஆயர் ஈத்தாம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கோப்பிக் குவளையைப் பிடிக்க இடது கை வரவில்லை, நாக்குக் குழறியது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ஐந்து காசு நாணயத்தை விடச் சின்னத் துளை போட்டு வடித்தார்கள். பிழைத்தார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்த அந்த இரவுகளில்தான் கற்காலத்திலேயே துளை போடப்பட்ட மண்டையோடுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னைப் பிடித்துக்கொண்டது துளையின் விளிம்பு. மண்டை எலும்பு இரண்டு தகடு, நடுவில் தேனடை மாதிரி சல்லடை எலும்பு. வெட்டியதும் ஆள் இறந்துவிட்டால் விளிம்பு கூராகவே இருக்கும், சல்லடைக் கண்கள் திறந்து கிடக்கும். உயிரோடு இருந்தால் புது எலும்பு வளர்ந்து அந்தக் கண்களை அடைத்து, விளிம்பை ஆற்றுக் கூழாங்கல் போல மழுக்கிவிடும்.

பிரான்சில் என்சிசைம் என்ற ஊரில் ஏறக்குறைய 7,000 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி. ஐம்பது வயதை ஒட்டிய ஆண். தலையில் இரண்டு துளை, அதுவும் கல்லாயுதக் காலத்தில்! நெற்றிப் பக்கத் துளையை எலும்பு முழுசாக மூடிவிட்டது, இன்னொன்று பாதிதான் மூடியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் நடந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

நம் பக்கத்துப் போர்னியோவிலும், களிமந்தான் குகை ஒன்றில், 31,000 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு. சின்ன வயதில் இடது காலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஆறிலிருந்து ஒன்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். மலையும் குகையுமான இடத்தில் ஒற்றைக் காலோடு!

“என்னாடா, அங்கயே தடவிக்கிட்டு இருக்க?” என்றார் அப்பா.

என்சிசைம் ஆளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மறுபடியும் தலையக் குடுத்திருக்கானே,” என்றார். “மொத தடவ நல்லாப் பாத்துக்கிட்டிருப்பாங்க.”

மீதிச் சந்தனத்தையும் அந்தப் பள்ளத்திலேயே வைத்தேன்.