அப்பாவின் இருமல்

மே 12
இன்றும் அப்பாவின் சளியில் ரத்தம். தை மாதத்திலிருந்து இந்த இருமல். 2016-ல் காசநோய்க்கு 6 மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டவர். போன மாதம் இங்கே குடியாத்தத்தில் பார்த்த டாக்டர், எக்ஸ்ரேயில் பழைய தழும்பைப் பார்த்ததும் “திரும்ப வந்துடுச்சு” என்று அதே மாத்திரைகளை ஆரம்பித்துவிட்டார். சளியைச் சோதிக்கவே இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

மே 14
விடியற்காலை பஸ்ஸில் வேலூர். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல்பக்கம் காசநோய் விட்டுப்போன குழி, அதற்குள் ஒரு உருண்டை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சையாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதன் வித்துகளை எல்லோரும்தான் தினமும் மூச்சில் இழுக்கிறோம். குழி இருப்பவர்களிடம் அது குடியேறிவிடுகிறதாம். அந்தப் பூஞ்சையை எதிர்க்க உடம்பு செய்யும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்.

மே 15
வெறும் வயிறு தேவையில்லை என்றார்கள். அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுத்தார்.

ரத்தத்தில் பூஞ்சையையே நேராகத் தேடக்கூடாதா என்று டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். இது குழிக்குள்ளேயே கிடக்கும், ரத்தத்தில் அகப்படாது. சளியை வளர்த்துப் பார்த்தாலும் பல பேருக்குத் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் அதோடு போராடும் உடம்பு ஆன்டிபாடியைச் செய்துகொண்டே இருக்கும். அதைத்தான் அளக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள் மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனையை நம்ப முடியாது. அவர்கள் உடம்பு ஆன்டிபாடியைச் சரியாகச் செய்யாமல் போகலாம். அவர்களுக்குப் பூஞ்சையின் சுவரிலிருந்து வரும் காலக்டோமன்னன் என்ற பொருளைத் தேடுவார்களாம்.

மே 20
பாசிட்டிவ். அளவும் நன்றாக உயர்ந்திருக்கிறது. ஆன்டிபாடி இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது; 3 மாதத்துக்கு மேல் இருமல், ஸ்கேன், ரத்தம் எல்லாம் ஒத்துப்போவதால்தான் உறுதி என்றார்.

காசநோய் மாத்திரை இன்றோடு நிறுத்தம். இனி இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து, குறைந்தது 6 மாதம். ஆனால் உடனே இல்லை. காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் வேகம் அடங்கும்வரை கல்லீரல் புது மருந்தைச் சீக்கிரமே கரைத்துவிடுமாம். 2 வாரம் பொறுக்க வேண்டும். ரத்தம் அதிகம் வந்தால் நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறார். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. வேண்டாத மாத்திரையை ஒரு மாதம் விழுங்கியிருக்கிறார் மனுஷர்.

ஜூன் 3
சாப்பாட்டோடு முதல் கேப்ஸ்யூல் போட்டாயிற்று.

எதிர்வீட்டில் பீடி சுற்றும் அக்காவுக்கும் காசநோய் முடிந்தபின் இதே இருமல், இதே ரத்தம். அப்பாவின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். வியாழக்கிழமை நானே வேலூருக்குக் கூட்டிப்போகிறேன்.