துட்டி கேட்ட பிறகே பேச்சு

நம்ம திருநெல்வேலிச் சீமையில் பகையாளி வீட்டுச் சாவுக்கும் துட்டி கேட்கப் போவதுண்டு. வட அமெரிக்க மோஹாக் மக்களின் சமாதான முறையும் துக்கத்திலேயே தொடங்குகிறது. முதலில் எதிராளியின் கண்ணீரைத் துடைத்து, காதையும் தொண்டையையும் திறக்கும் சொற்கள். அப்புறம்தான் மற்ற விவகாரம்.

1645 ஜூலையில் மோஹாக் தூதர் கியோட்ஸேட்டன், கனடாவின் த்ருவா ரிவியேரில் பிரெஞ்சுக்காரர்களைச் சந்தித்தார். இரண்டு கம்பம் நட்டு, நடுவே கயிறு. கொண்டுவந்த 17 சிப்பிமணிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பொருள் சொன்னார். ஒன்றை, மோஹாக்குகள் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் கூத்யூரின் கையில் கட்டி அவரை ஒப்படைத்தார். வேறு சில, ஆற்றுவழியைத் தடையின்றித் திறப்பதற்கு. ஒரு பட்டைக்கு ஒரு விஷயம் என்பதால் எதுவும் விட்டுப்போகாது. எனக்கு மிகப் பிடித்த ஒழுங்கு இது.

ஆனால் மறு ஆண்டே மோஹாக் ஊர்களில் நோயும் விளைச்சல் நாசமும் வந்தன. பிரெஞ்சுப் பாதிரியார் ழோக் அங்கே விட்டுச்சென்ற பெட்டிமேல் சந்தேகம் விழுந்தது. அக்டோபரில் அவரைக் கொன்றார்கள், மறுபடியும் போர்.

பின்னாளில் ஆங்கிலேயரோடு செய்த உறவை வெள்ளிச் சங்கிலி என்றார்கள். மங்காமல் துலக்க அடிக்கடி கூடி, பரிசு மாற்றி, பழைய பேச்சை மறுபடி சொன்னார்கள்.