‘சேட்டைக்காரன்’ என்று எழுதினால் போதாது

பள்ளியில் ஆலோசகராக இருப்பவர் எப்போதும் இரண்டு தரப்புக்கு நடுவே நிற்க வேண்டும். ‘இவனை வெச்சுக்கிட்டு பாடமே நடத்த முடியல’ என்பார் ஆசிரியர். ‘வீட்ல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்’ என்பார் அம்மா. பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனமின்மையும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு, இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், மருத்துவரிடம் அனுப்புவதற்கு முன் இந்த இருவரையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவரப் பலரும் பாடுபடுவார்கள். அது தேவையில்லை என்பது என் கட்சி. இருவர் சொல்வதும் முரண்பட்டால், அந்த முரண்பாடு அப்படியே மருத்துவரிடம் போகட்டும்.

ஏனென்றால் ஏ.டி.எச்.டி.யை ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ காட்டிக்கொடுக்காது. மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு கவனமின்மைக்கு 9, மிகை இயக்கத்துக்கும் அவசரத்தன்மைக்கும் சேர்த்து 9 என அறிகுறிகளை அடுக்குகிறது. 16 வயது வரையிலான பிள்ளைக்கு ஏதாவது ஒரு பிரிவில் 6 அறிகுறிகளாவது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். அன்றாடத்தைப் பாதிக்கவும் வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் மருத்துவர் இல்லை. புது அறை, புது ஆள், முழுக் கவனமும் தன் மேல் என்றால் எத்தனையோ பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். ‘டாக்டர் முன்னாடி பெட்டிப் பாம்பா இருந்தான் மேடம், எங்களைத்தான் ஒரு மாதிரி பார்த்தாரு’ என்று நொந்துபோய்த் திரும்பும் பெற்றோர் புதிதல்ல.

ஆகவே நாம் எழுதித் தருவதுதான் அவருக்குக் கண். வாண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற மதிப்பீட்டுப் படிவங்களை இடைவேளையில் நின்றபடியே நிரப்பி, எல்லாவற்றுக்கும் ‘மிக அடிக்கடி’ என்று டிக் போட்டுத் தரும் ஆசிரியர்கள் உண்டு. கோபத்தில் நிரப்பிய படிவம் பார்த்தாலே தெரியும். அவர்களிடம் தனியாக அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்வேன். ‘சேட்டைக்காரன்’, ‘கவனமே இல்லை’ என்பவை தீர்ப்புகள். அவற்றை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் இரண்டாவது வரியோடு நிற்கிறான், பக்கத்தில் போய் நின்றால் முடித்துவிடுகிறான்’ என்ற ஒரு வரி போதும். சிக்கலும் உதவியும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

எந்தப் பாடம், எந்த நேரம் என்பதும் முக்கியம். வாசிக்கும்போது மட்டும் நெளிகிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ பார்வைக் குறையோ இருக்கலாம். காலையிலேயே தூங்கி வழிந்தால் இரவுக் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். சில நொடி வெறித்துப் பார்த்து, தொட்டாலும் உணராமல் இருந்தால், அது வலிப்பு நோயின் ஒரு வகையாகவும் இருக்கக்கூடும். காது கேட்கும் திறன் சரியா என்றும் பார்த்துவிட வேண்டும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளையா என்று பிறந்த மாதத்தையும் நான் பார்ப்பதுண்டு. இளையவர்களுக்கு இந்த முத்திரை கூடுதலாக விழுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அமைதியான பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் யாரும் என்னிடம் அனுப்புவதும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் வீட்டுப்பாடம் முடியாமல் அவளோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்குத்தான் அது தெரியும். அந்த அம்மா வந்து சொன்னால், பள்ளியில் ‘அவ சமர்த்துப் பொண்ணாச்சே’ என்பார்கள்.

பெற்றோர் தவறாமல் கேட்பது: ‘கேம் விளையாட மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றானே?’ உட்காருவான். நொடிக்கு நொடி பலன் தருகிற விளையாட்டு கவனத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பலன் தள்ளி இருக்கும் வேலையில் கவனத்தைத் தானாகச் செலுத்துவதுதான் இவர்களுக்குக் கடினம். அடுத்து அப்பாக்கள்: ‘நானும் சின்ன வயசுல இப்படித்தான். இப்ப நல்லா இல்லையா?’ மறுப்பாகச் சொல்வதை நான் குடும்ப வரலாறாகக் குறித்துக்கொள்வேன். இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. வளர்ப்பு சரியில்லை என்று பழி சுமக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிடுவேன்.

மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. முன்வரிசை இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, துண்டாக்கிய வேலை, நடுவில் எழுந்து நடக்க ஒரு சாக்கு. இதற்கெல்லாம் சான்றிதழ் எதற்கு? 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து தொடங்கினால் பசி, தூக்கம், எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் கவனிக்கப்படும். அளவு சரியா என்று தெரியவும் ஆசிரியரின் அரைப் பக்கம் மறுபடி தேவைப்படும்.

எல்லாம் ஒரு வழிக்கு வரும்போது கல்வியாண்டு முடிந்துவிடும். எது உதவியது என்று ஒரு தாளில் எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தால், ‘முன்முடிவு இல்லாம நானே பார்த்துக்கறேன்’ என்று மேசை டிராயரில் போடுவார்கள். நல்ல எண்ணம்தான், பிள்ளைக்கு ஒரு பருவம் வீணாகும். அதனால் இப்போதெல்லாம் தாளைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, உட்காரும் இடத்தையாவது அன்றைக்கே மாற்ற வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.