லோயர் ஆர்ம் புஷ் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடப்பக்க முன்சக்கரத்திலிருந்து 'டக்' என்ற சத்தம் வந்தது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒருபுறமாக இழுத்தது. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பிப் பார்த்தபோது, அது சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் பின்பக்க புஷ்ஷின் ரப்பர் உள்ளிருக்கும் இரும்புக் குழாயை விட்டுப் பாதிக்குமேல் பிரிந்திருந்தது.

ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனில் செய்த புஷ் நீண்டநாள் உழைக்கும் என்றாலும் சாலையின் அதிர்வை அதிகமாக உள்ளே கடத்தும் என்பதால், எங்கள் தெருவின் 'அழகை' எண்ணி ரப்பரையே வாங்கினேன்.

பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. புஷ்ஷை அழுத்தித் தள்ளும் பிரஸ் இயந்திரம் இல்லாததால், நீண்ட போல்ட், தடித்த வாஷர், புஷ்ஷைவிடச் சற்றே அகலமான குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கோத்து நட்டை முறுக்கினேன். அரைமணி நேரம் அசையாதிருந்தது, பின்னர் வெடித்தாற்போல் ஓர் ஓசையுடன் நகர்ந்தது. புதியது சோப்புத் தண்ணீர் தடவியதும் எளிதாகவே ஏறியது.

சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் உள்குழாயோடு ஒட்டிய ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று விரைவில் கிழியும் என்பதால், எடை முழுவதும் சக்கரத்தின்மேல் இறங்கிய பிறகே குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். மறுநாள் வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று, இழுப்பு நின்றுவிட்டது.