மண்டாய்ச் சாலையில் கடமான் எதிர்ப்பட்டால்

கடமான் பகலில் மரநிழலில் படுத்து அசைபோடும். பொழுது சாயும்போது மேய எழும், விடிந்து வெளிச்சம் பரவியதும் உள்ளே போய்விடும். சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிகளின் நடைபாதைகளில் நடக்க அனுமதியும் காலை 7 முதல் மாலை 7 வரைதான். மான் எழும் நேரத்தில் மனிதர் வெளியேறிவிட வேண்டும். அதனால் இங்கே ஒருவர் முதன்முதலாகக் காட்டு மானைப் பார்ப்பது பெரும்பாலும் காரின் முன்கண்ணாடி வழியாகவோ மோட்டார்சைக்கிளின் விளக்கொளியிலோதான்.

மண்டாய்ச் சாலை நம் சமூகத்துக்குப் பழகிய சாலை. தகனச்சாலைக்கும் அஸ்தி வாங்கவும் அந்த வழியாகப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. இரவு நேர விலங்குத் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி, விடியுமுன் விரைவுச்சாலையில் வேலைக்கு விரையும் மோட்டார்சைக்கிளோட்டிகள் இருக்கிறார்கள். இவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். காடு, பறவை என்று ஆர்வமாக அலைபவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மிளா என்றும் அழைக்கப்படும் கடமான் இந்தத் தீவின் பூர்வகுடி. ஆனால் காடழிப்பாலும் வேட்டையாலும் அந்தப் பழைய கூட்டம் சென்ற நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. இப்போது இருப்பவை, 1970களில் மண்டாய் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழி வந்தவை. ஒரு சில விலங்குகளிலிருந்து இப்படி ஒரு கூட்டமே உருவாவது நடக்கக்கூடியதுதான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூஸ் மான்கள் திரிகின்றன. அவற்றின் மூலம் 1878இலும் 1904இலும் கொண்டுபோய் விடப்பட்ட ஆறு விலங்குகள். அங்கே இடம் நிறைய. இங்கே காட்டைச் சுற்றிச் சாலைகள். 2019இல் மண்டாய் ஏரிச் சாலைக்கு மேல் திறக்கப்பட்ட 44 மீட்டர் அகல வனவிலங்குப் பாலத்தைக் கடமான்கள் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. என்றாலும் எல்லாச் சாலைக்கு மேலும் பாலம் கட்டிவிட முடியாது.

சாலையோரத்துக்குக் கடமான் வருவதற்குக் காரணம் உணவு. அடர்ந்த காட்டின் தரையில் வெயில் விழாது, புல் குறைவு. சாலைக்காக மரம் நீக்கிய விளிம்பில் வெயில் தாராளமாக விழும், இளம் புல்லும் துளிரும் அங்கேதான். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழிந்த இரவுகளில் விளிம்பு பசுமையாக இருக்கும். அப்போது இன்னும் கவனமாக இருங்கள்.

கடமான் நாம் படத்தில் பார்த்துப் பழகிய புள்ளிமான் போல இருக்காது. உடல் முழுக்க ஒரே கரும்பழுப்பு, வளர்ந்த விலங்கில் புள்ளி கிடையாது. தோள் உயரம் ஒரு மீட்டருக்கு மேல். நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோ வரை எடை இருக்கும், சில அதையும் தாண்டும். கழுத்தில் பிடரி போல் கரடுமுரடான மயிர். வால் புதராக, மேற்புறம் கறுப்பாக இருக்கும். கொம்பு ஆணுக்கு மட்டுமே. பக்கத்துக்கு மூன்று முனை: நெற்றிக்கு அருகே ஒன்று, உச்சியில் கவையாகப் பிரியும் இரண்டு. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் என்பதால், கொம்பில்லாத பெரிய மானைப் பார்த்ததும் பெண் என்று முடிவு கட்ட வேண்டாம். தொண்டையின் கீழ்ப்பக்கம் மயிர் உதிர்ந்து சிவந்து, ஈரப் புண் போல ஒரு திட்டு சில விலங்குகளில் தெரியும். கடமான்களுக்கு இயல்பாக வரும் சுரப்புத் திட்டு அது. அடிபட்டுவிட்டது என்று எண்ணி அருகில் போகாதீர்கள்.

சாலையில் உள்ள சிக்கலைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை அடைய ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் அதிலேயே போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 45. மழை ஈரத்தில் 55 ஆகிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் உலர்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 70 மீட்டர், ஈரத்தில் 90ஐ நெருங்கும். தாழ்விளக்கு பயனுள்ள அளவுக்குக் காட்டுவது 40 முதல் 60 மீட்டர்தான். தெருவிளக்கை நம்ப முடியாது. அது தார்ச்சாலையை வெளிச்சமாக்கும், மரக் கவிகைக்குக் கீழே உள்ள விளிம்பு இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டில் கரும்பழுப்பு உடல் தனியாகத் தெரியாது. காட்டோரச் சாலையில் இரவு 50க்குக் குறைத்தால் நிற்கும் தூரம் ஏறத்தாழ 35 மீட்டருக்கு இறங்கும். விளக்கு காட்டும் எல்லைக்குள் அடங்கும் வேகம் அதுதான்.

முதலில் தெரிவது உடலாக இருக்காது, கண்ணாகத்தான் இருக்கும். விளக்கொளி பட்டால் பச்சை கலந்த மஞ்சளாக இரண்டு புள்ளிகள் மின்னும். எதிரே வண்டி இல்லாதபோது உயர்விளக்கு போட்டு ஓட்டுவது இதைப் பிடிக்க உதவும். ஆனால் கண்ணைப் பார்த்த நொடியில் விளக்கைத் தாழ்த்திவிட வேண்டும். கூசும் ஒளியில் அதற்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது, நின்ற இடத்திலேயே உறைந்துவிடும், அல்லது தவறான பக்கம் பாயும்.

வேகத்தைக் குறைத்து நேராகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். திருப்பினால் கார் மரத்தில் மோதலாம், பக்கத்துத் தடத்தில் வரும் மோட்டார்சைக்கிளில் மோதலாம், மானும் அதே பக்கம் பாயலாம். ஹார்னை விடாமல் அழுத்துவதும் கூடாது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் அது ஓடும். ஒரு மான் கடந்தவுடன் வேகத்தைக் கூட்டுவதுதான் நிறைய பேர் செய்யும் தவறு. தாய்க்குப் பின்னால் குட்டி வரும். முதல் மான் போன பிறகும் சில நொடிகள் மெதுவாகவே போங்கள். பின்னால் வண்டி இருந்தால் அபாய விளக்கைப் போடுங்கள். படமெடுக்க வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். விரைவுச்சாலையில் அது சட்டப்படியும் தவறு, பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

மோதினால் என்ன ஆகும் என்பதை மானின் உயரம் தீர்மானிக்கிறது. பன்றி காரின் முன்புறத்தில் மோதிக் கீழே போகும். கடமானின் கால் நீளம். காரின் மூக்கு காலை வாரும், கனமான உடல் பானெட் மேல் சரிந்து கண்ணாடியை நோக்கி வரும். விடுமுறைக்கு நார்வே, கனடா, அலாஸ்கா என்று போய் வாடகைக் கார் ஓட்டும் நம்மவர்கள் இதை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ள வேண்டும். மூஸின் தோள் உயரம் இரண்டு மீட்டரை எட்டும், எடை 500 கிலோவைத் தாண்டும், உடல் நேராக முன்கண்ணாடியின் மட்டத்தில் இருக்கும். நடந்து போகும்போது காதைப் பின்னுக்கு மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் மூஸ் பாயப்போகிறது என்று பொருள். உடனே ஓடிப் பருத்த மரத்தின் பின்னாலோ காருக்குப் பின்னாலோ போய்விட வேண்டும். கரடிக்குச் சொல்லும் 'ஓடாதே' என்ற விதி மூஸுக்குப் பொருந்தாது.

கடமான் அப்படிப் பாய்வது அரிது. மனிதர் அருகே வந்தால் அது செய்ய விரும்புவது ஒன்றே ஒன்று: காட்டுக்குள் திரும்புவது. நாம் அந்த வழியை மறித்து நின்றால் மறுபக்கம் ஓடும். மறுபக்கம் சாலை. இங்கே கடமானால் வரும் ஆபத்தின் பெரும்பகுதி இவ்வளவுதான். ஆகவே முதல் சந்திப்பில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒரே கேள்வி: காடு எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்தை அதற்கு விட்டுவிடுங்கள். மானுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். சிலர் கைத்தொலைபேசியோடு இரு பக்கமும் பிரிந்து நின்று சூழ்ந்துகொள்வதைக் காணொளிகளில் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

மாலையில் நடைபாதையில் எதிர்ப்பட்டால் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி விடுங்கள். அது தலையை உயர்த்தி இரண்டு காதையும் உங்களை நோக்கித் திருப்பினால் பார்த்துவிட்டது. அங்கேயே நில்லுங்கள். முன்னங்காலால் தரையைத் தட்டினாலோ, வாலை நிமிர்த்தினாலோ எச்சரிக்கை. பிறகு வரும் குரல் ஒரே ஒரு உரத்த, கரகரத்த ஒலி. முதல் முறை கேட்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். அதற்குள் நீங்கள் பின்வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி, மெல்ல, வந்த வழியே. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசினால் கண்ணில் படுமுன்பே உங்கள் வாடை அதற்குப் போயிருக்கும், நீங்கள் பார்க்கவே போவதில்லை. நாயோடு போகிறவர்கள் வாரைக் குறுக்கிப் பிடியுங்கள். நாயை வேட்டை மிருகமாகவே கடமான் பார்க்கும். ஓடாமல் எதிர்த்து நின்று காலால் உதைக்கவும் செய்யும், பக்கத்தில் நீர்நிலை இருந்தால் அதில் இறங்கி நிற்கும்.

படத்துக்கு ஃபிளாஷ் வேண்டாம். அந்தி வெளிச்சத்தில் 300 மி.மீ. லென்ஸும், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200க்கு மேலும், ஷட்டர் 1/250 நொடி அளவிலும் வைத்தால் ஓரளவு வரும். கைத்தொலைபேசியில் நல்ல படம் எடுக்க அருகே போயாக வேண்டும், ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

மானைக் காணாவிட்டாலும் அது இருப்பதைப் படிக்கலாம். சேற்றில் கூர்மையான இரண்டு பாதியாக, 6 முதல் 8 செ.மீ. நீளத்தில் குளம்புத் தடம் இருந்தால் கடமான். தடம் உருண்டையாக, பின்னால் இரண்டு சிறு குழிகளும் அகலமாகப் பதிந்திருந்தால் காட்டுப்பன்றி. தரையை உழுதாற்போல் கிளறியிருப்பதும் பன்றியே, மான் தோண்டித் தின்னாது. மார்பு உயரத்தில் பட்டை உரிந்த மரம் ஆண் மான் கொம்பைத் தேய்த்த இடம். தடம் இவற்றைவிடச் சிறிதாக, விரல் நகமளவில் இருந்தால் அது சருகுமான். முயலளவே உள்ள வேறு விலங்கு.

உணவு கொடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பின்விளைவு: கார் நிற்கும் இடத்தில் ரொட்டி கிடைக்கும் என்று கற்ற மான் காரைக் கண்டால் விலகாது. பார்த்த இடத்தின் துல்லியமான அடையாளத்தோடு அன்றிரவே சமூக ஊடகத்தில் போடுவதும் இதே வகை. மறுநாள் மாலை அங்கே பத்து கார் நிற்கும்.

குட்டி மட்டும் தனியாகப் புதரில் படுத்திருந்தால் அது அநாதை இல்லை. தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தொடாமல், தண்ணீர் வைக்காமல், சத்தமில்லாமல் அகன்றுவிடுங்கள். உங்களைப் பார்த்தபடி தாய் பக்கத்திலேயே காத்திருக்கலாம்.

மோதிவிட்டால் நிறுத்த வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அடிபட்ட விலங்கு எதுவானாலும் அது சாலையில் கிடந்து மற்றவர்களுக்கு ஆபத்தாக இருந்தால் ஓட்டுநர் நின்றாக வேண்டும். அபாய விளக்கைப் போட்டு, பயணிகளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். அடிபட்ட மானைத் தூக்கவோ இழுக்கவோ போகாதீர்கள். கீழே கிடக்கும் கடமானின் ஓர் உதை எலும்பை முறிக்கும், கொம்பு அதைவிட மோசம். துணியால் மூடுவதற்குக்கூடப் பக்கத்தில் போக வேண்டாம். மனிதருக்கு அடிபட்டிருந்தால் 995, சாலை மறிக்கப்பட்டிருந்தால் 999. விலங்குக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 அல்லது விலங்கு மீட்பு அமைப்பான ஏக்கர்ஸின் 9783 7782. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே கைத்தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். 'மண்டாய்ப் பக்கம்' என்று சொன்னால் மீட்புக் குழு சாலை முழுக்கத் தேட வேண்டியிருக்கும். சாலையின் பெயர், எந்தத் திசையில் போகும் பக்கம், அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண் மூன்றையும் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் எண் எழுதியிருக்கும். மான் காட்டுக்குள் நொண்டி ஓடிவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும், எந்தக் கம்பத்தருகே எந்தப் பக்கம் நுழைந்தது என்பதோடு.