மே 21-க்கு வர்க்கி வாங்கி வச்சிடுங்க

எதுக்கெல்லாமோ ஒரு டே இருக்கு, அதுல நம்ம குன்னூர்காரங்க விடவே கூடாதது மே 21, சர்வதேச தேயிலை தினம். முன்னாடி டிசம்பர் 15-ல கொண்டாடிட்டு இருந்தாங்க, 2019-ல ஐநா சபை மே 21-னு அறிவிச்சுது, ஏன்னா தேயிலை விளையுற பல நாடுகள்ல மே மாசத்துலதான் நல்ல கொழுந்து சீசன் ஆரம்பிக்குது.

எங்க வீட்ல அன்னிக்கு டேஸ்டிங் போட்டிதான். டஸ்ட் டீ, ஆர்த்தடாக்ஸ் லீஃப் (இலையை பொடியாக்காம சுருட்டி செய்யுற டீ), க்ரீன் டீ, உறைபனி மாசத்துல பறிச்ச ஃப்ராஸ்ட் டீ, எல்லாத்தையும் பால் சர்க்கரை இல்லாம சின்ன டம்ளர்ல ஊத்தி, பசங்க கண்ணைக் கட்டிவிட்டு எது எதுன்னு கேப்போம். ஃப்ராஸ்ட் டீயை வாசனையை வச்சே பிடிச்சிடுவாங்க, லேசா பூ வாசம் வரும் அதுல. கடைசியா பால் டீயும், அடுக்கடுக்கா மொறுமொறுன்னு இருக்குற நம்ம ஊர் பேக்கரி பலகாரமான வர்க்கியும். வர்க்கியை முக்கின உடனே எடுத்துடணும், மேல் அடுக்கு நனைஞ்சு உள்ள மொறுமொறுன்னு இருக்கும் பாருங்க, அதுக்கு ஈடே கிடையாது! 2023-ல ஊட்டி வர்க்கிக்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஏப்ரல் 4 கேரட் டே. ஊட்டி கேரட்டை தழையோட வாங்கி அன்னிக்கே அல்வா கிண்டிடுங்க, துருவும்போதே பாதி காலியாகிடும்.

ஜூலை 7 சாக்லேட் டேக்கு இங்க நல்ல மழை, வெளிய போக வேணாம். கொதிக்கிற தண்ணி மேல பாத்திரம் வச்சு டார்க் சாக்லேட்டை உருக்கி, வறுத்த முந்திரி பாதாம் போட்டு தட்டுல ஊத்துங்க. ஒரு சொட்டு தண்ணி உள்ள விழுந்தாலும் திரிஞ்சு கட்டியாகிடும், கரண்டியை நல்லா துடைச்சிட்டு போடுங்க.